ஆபரேட்டர் வெட்டினாரா, வெட்டவில்லையா?

போன இதழில், நான் தியேட்டர் ஆபரேட்டராக இருந்த காலத்தைப் பற்றி ஒரு பதிலில் நாலு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் பழைய கணக்கைத் தீர்க்கிறார்கள்: "அன்றைக்கு அந்தப் பாட்டை ஏன் ஓய் வெட்டினீர்?" சரி, இந்த இதழ் முழுக்க அந்தக் கேள்விகளே இருக்கட்டும். மின்வெட்டு, முருங்கைக்காய் விலை எல்லாம் அடுத்த முறை.

அண்ணாச்சி, படப்பெட்டி வந்ததும் மிஷினில் மாட்டி ஓட்ட வேண்டியதுதானே? அதற்கு ஏன் காலையிலேயே போய் ஆபரேட்டர் ரூமில் உட்காருவீர்கள்? – தக்கலையிலிருந்து ஒரு வாசகர்

பெட்டி லேபிலிருந்து நேராக வந்திருந்தால் மாட்டி ஓட்டலாம். எங்களுக்கு அப்படி எங்கே வந்தது? விநியோகக் கணக்கில் திருநெல்வேலியும் கன்னியாகுமரியும் ஒரே ஏரியா. புதுப்படம் முதலில் பெரிய ஊர்களில் ஓடும், அப்புறம் சின்ன ஊர்கள், கடைசியில்தான் எங்களை மாதிரி உள்ளே கிடக்கிற தியேட்டர். அதற்குள் அந்தப் பிரிண்ட் எத்தனை கை மாறியிருக்குமோ. மலையாளப் படமென்றால் திருவனந்தபுரம் பக்கமிருந்து வரும், அந்தப் பெட்டியும் நம்மிடம் வரும்போது களைத்துப் போய்த்தான் வரும்.

கணக்கைச் சொல்கிறேன். 35 எம்.எம். பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனித்தனிப் படம். ஒரு நொடிக்கு 24 பிரேம் ஓடும். அதாவது நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, 4 கிலோமீட்டருக்கு மேல். கோட்டாறில் ஒரு முனையைக் கட்டிவிட்டு நடந்தால் சுசீந்திரம் பக்கம் வந்துவிடலாம். இது 1,000 அடி ரீல்களாகப் பெட்டியில் இருக்கும், ஒவ்வொன்றும் 11 நிமிடம். இரண்டு ரீலை ஒட்டி ஒரு ஸ்பூலில் சுற்றினால் 20, 22 நிமிடம் ஓடும். இப்படி முழுப் படத்தையும் ஸ்பூல்களில் ஏற்றுவதைத்தான் நாங்கள் அசெம்பிள் பண்ணுவது என்போம்.

ஒட்டுவது சின்ன வேலை. பார்ப்பதுதான் பெரிய வேலை. ரீவைண்டர் மேஜையில் ஒரு பக்கம் ரீலை மாட்டி, மறுபக்கம் கைப்பிடியை மெதுவாகச் சுற்ற வேண்டும். பிலிமின் இரண்டு ஓரமும் இடது கையின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓடும். கையுறை போட வேண்டும் என்பது விதி, நாங்கள் பெரும்பாலும் போட்டதில்லை, ஆனால் படத்தின் மேல் விரல் படக்கூடாது, ஓரம் மட்டும்தான். எங்கேயாவது ஓரத்து ஓட்டை கிழிந்திருந்தால் விரலில் சுருக்கென்று தட்டும், உடனே நிறுத்த வேண்டும். ஒரு பிரேமுக்கு ஒரு பக்கம் 4 ஓட்டை. ஒன்று கிழிந்திருந்தால் அந்த முனை மாட்டிக்கொள்ளாதபடி வளைவாக நறுக்கிவிட்டால் ஓடிவிடும். வரிசையாக மூன்று நாலு போயிருந்தால் டேப் வைத்து ஒட்ட வேண்டும் அல்லது அந்தத் துண்டை எடுத்துவிட வேண்டும். பல்சக்கரம் அந்த ஓட்டையைப் பிடித்துத்தான் பிலிமை இழுக்கிறது, அது இல்லாத இடத்தில் படம் துள்ளும், இல்லையென்றால் அறுந்துபோகும்.

அப்புறம் வரிசை. 5-ஆம் ரீலின் லீடர் (படத்துக்கு முன்னால் ரீலின் தலையில் வரும் வெற்றுத் துண்டு) 8-ஆம் ரீலின் தலையில் இருக்கும், ஏனென்றால் முந்தின தியேட்டர்காரர் அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை ஒட்டி அனுப்பியிருப்பார். டப்பாவில் எழுதியதை நம்பி ஓட்டினால் இடைவேளைக்கு முன்னாலேயே வில்லன் செத்துவிடுவான். அதனால் ஒரு ரீலின் கடைசிப் பிரேமையும் அடுத்த ரீலின் முதல் பிரேமையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். சட்டை ஒன்றா, இடம் ஒன்றா, பகலா இரவா. சந்தேகம் வந்தால் பெட்டியோடு வந்த ரெப்பிடம், அதாவது விநியோகஸ்தரின் ஆளிடம், கேட்கலாம், அவர் அநேகமாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

ரீல் தலைப்பக்கம் வெளியே இருக்கிறதா, வால்பக்கம் வெளியே இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டும். எமல்ஷன் பக்கம் எது என்று குழப்பமா? மங்கலாக இருப்பது எமல்ஷன், அதாவது படம் பதிந்த பூச்சு. பளபளப்பது பேஸ், அந்தப் பூச்சைத் தாங்கும் பிலிம். இருட்டில் தெரியாவிட்டால் லீடரின் ஓரத்தை ஈர உதட்டில் வைத்தால் எமல்ஷன் பக்கம் லேசாக ஒட்டும். என் ஆசான் சொல்லித்தந்த முதல் பாடமே அதுதான். லீடரில் மட்டும் செய்லே, படத்தில் செய்தால் உன் உதடு திரையில் வரும் என்றார்.

உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள் பாட்டை வெட்டியது உண்டா? – மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்

உண்டு.

நான் வேலை பார்த்த ஒரு தியேட்டரில் இரவுக் காட்சி முடிவதற்கும் கடைசிப் பேருந்துக்கும் நடுவே பத்து நிமிடம்கூட இருக்காது. படம் நீளமென்றால் முதலாளி மேலே வந்து நிற்பார். எதைத் தூக்கலாம் என்று கேட்பார். சோகப் பாட்டுதான் எப்போதும் பலி. பாட்டின் தலையிலும் வாலிலும் வெட்டி, அந்த 400 அடியைத் தனியாகச் சுற்றி, மறுநாள் பகல் காட்சிக்கு மறுபடி ஒட்டுவேன். ஒட்டாமலே பெட்டியை அனுப்பிய ஆட்களும் உண்டு, அந்தப் பாவத்தை நான் செய்யவில்லை.

ஆனால் நீங்கள் கேட்ட எல்லா வெட்டும் ஆபரேட்டர் தலையில் போட வேண்டியதல்ல. சென்சாரில் போனது எங்கள் கைக்கே வராது. அப்புறம் அறுந்து போவது. ஒவ்வொரு முறை அறுந்து ஒட்டும்போதும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பிரேம் போகும். 12 முறை அறுந்தால் 24 பிரேம், அதாவது ஒரு நொடி. வசனம் பேசுகிற இடத்தில் ஒரு நொடி போனால் நாலு வார்த்தை போச்சு. இதில் இன்னொரு வேடிக்கை. 35 எம்.எம். பிலிமில் ஒரு பிரேமுக்கு உரிய ஒலி அதன் பக்கத்திலேயே இருக்காது, சுமார் 20 பிரேம் முன்னால் பதிந்திருக்கும். அதனால் ஒரு இடத்தில் வெட்டினால் படமும் சத்தமும் ஒரே நேரத்தில் தாவாது. முதலில் ஒன்று தாவும், கொஞ்சம் கழித்து மற்றது. "படம் தாவுது, சத்தமும் தாவுது, ரெண்டு தடவை வெட்டிட்டான்" என்று கீழே கத்துவீர்கள். வெட்டியது ஒரு தடவைதான்.

அப்புறம் கதாநாயகன் அறிமுகமாகும் காட்சி. எங்களுக்கு வரும்போதே அதில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். எந்தெந்த ஊரிலோ ரசிகர்கள் ஆபரேட்டருக்கு டீ வாங்கித் தந்து இரண்டு பிரேம் வாங்கிப் போயிருப்பார்கள். எனக்கும் டீ வந்தது. பேசாமல் அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

பிலிமை எந்தப் பசையால் ஒட்டுவீர்கள்? – குளச்சலிலிருந்து ஒரு வாசகி

பசை என்று சொல்வதே சரியில்லை அம்மா. பழைய அசிடேட் பிலிமுக்கு பிலிம் சிமென்ட் என்று ஒரு சின்னக் குப்பியில் வரும், மூக்கைத் துளைக்கும் வாசனை. ஒரு துண்டின் ஓரத்தில் எமல்ஷனை பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, சிமென்டைத் தடவி, மற்றத் துண்டை மேலே வைத்து அழுத்த வேண்டும். அந்தத் திரவம் பிலிமையே லேசாகக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அரைகுறையாகச் சுரண்டினால் பிடிக்காது, அதிகம் சுரண்டினால் மெலிந்து அறும். பிரேமுக்கும் பிரேமுக்கும் நடுவிலுள்ள கோட்டில்தான் வெட்ட வேண்டும். ஒரு ஓட்டை தவறிவிட்டால்கூட, ஒட்டு கடந்ததும் திரையில் கால் மேலேயும் தலை கீழேயும் வந்து நிற்கும். விசிலடிப்பீர்களே, அதுதான். பிரேம் குமிழைத் திருகிச் சரிசெய்ய ஓடுவோம்.

1990-களில் பாலியெஸ்டர் என்ற வேறு வகைப் பிலிமில் பிரிண்ட் வரத் தொடங்கியது. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. வழக்கம்போல் சுரண்டி, சிமென்ட் தடவி, அழுத்தி, பெருமையாக மாட்டினேன். முதல் ரீலில் முதல் ஒட்டு, விளக்குக்கு முன்னால் பிலிம் கடந்துபோகிற 'கேட்'டுக்குள் போனதும் பிரிந்தது. மறுபடி ஒட்டினேன், மறுபடி பிரிந்தது. மூன்றாவது முறை ஜனங்கள் நாற்காலியைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். பாலியெஸ்டரை அந்தத் திரவம் கரைக்காது, எங்களுக்கு டேப்தான் வழி. இரண்டு பக்கமும் டேப் வைத்து, ஓட்டைகளையும் அதுவே குத்தித் தருகிற ஸ்பிளைசர் ஒன்று உண்டு. அது இல்லாதவர்கள் கடையில் விற்கும் செலோ டேப்பை ஒட்டி அனுப்புவார்கள். நம்மூர் சூட்டில் அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டு ரீலே உரியாது. அதைப் பிரித்துத் துடைத்த மாலைகளில் அவர்களை நான் என்னென்ன சொன்னேன் என்பது இந்தப் பத்திரிகையில் வராது.

எது எந்த பிலிம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ரீலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் பாலியெஸ்டர் ஒளியை உள்ளே விட்டு மினுங்கும், அசிடேட் இருட்டாக இருக்கும். கையால் கிழித்தால் அசிடேட் கிழியும். பாலியெஸ்டர் கிழியாது, மிஷினில் சிக்கினால் பிலிம் போவதற்குப் பதில் பல்சக்கரம் போகும். அறுந்துபோகிற பிலிம் எவ்வளவு நல்லது என்று அப்போதுதான் தெரிந்தது.

திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையுமே, அது என்ன? – குழித்துறையிலிருந்து ஒரு வாசகர்

நல்ல கண் உமக்கு. ஆபரேட்டருக்கு வைத்த அடையாளம் அது. இரண்டு மிஷின் இருக்கும், ஒன்று ஓடும்போது மற்றதில் அடுத்த ஸ்பூலை மாட்டி, விளக்குக்கான கார்பன் குச்சிகளைப் பற்றவைத்துக் காத்திருப்போம். ஸ்பூல் முடிய சுமார் 8 நொடி இருக்கும்போது முதல் புள்ளி, அப்போது இரண்டாவது மிஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஒரு நொடி இருக்கும்போது இரண்டாவது புள்ளி, அப்போது ஒன்றை மூடி மற்றதைத் திறக்க வேண்டும். ஒவ்வொன்றும் 4 பிரேம்தான், ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. தும்மினால் போச்சு.

ரீலின் வால் அடிக்கடி அறுவதால் லேப் வைத்த புள்ளி பல பிரிண்டில் இருக்காது. அதனால் ஒவ்வொரு ஊர் ஆபரேட்டரும் ஆணியால் கீறி, பெருக்கல் குறி போட்டு, வட்டம் போட்டுத் தனக்கென்று ஒன்று வைப்பார். பத்து ஊர் சுற்றி வந்த பிரிண்டில் ஒவ்வொரு ரீல் முடிவிலும் திருவிழா நடக்கும்.

பழைய படங்களில் மழை பெய்வது ஏன்? சில படத்தில் பச்சைக் கோடு வருமே? – திருவட்டாறிலிருந்து ஒரு வாசகர்

தளர்வாகச் சுற்றிய ரீலின் நுனியைப் பிடித்து இறுக்கி இழுப்பார்கள், அதுதான் முதல் குற்றவாளி. சுற்றுகளுக்கு நடுவே இருக்கிற தூசி நீளவாக்கில் உரசும், மழை ஆரம்பம். பேஸ் பக்கத்தில் கீறினால் கறுப்புக் கோடு. கலர்ப் படத்தில் எமல்ஷன் பக்கம் கீறினால் நிறம் சொல்லும்: மேல் அடுக்கு மட்டும் போனால் பச்சை, இரண்டாவது அடுக்கும் போனால் மஞ்சள், எல்லாம் போனால் வெள்ளை. பச்சைக் கோடு புதிதாக விழத் தொடங்கினால் நான் படத்தை விட்டுவிட்டு மிஷினின் பாதையைத் துடைக்கப் போவேன், எங்கேயோ ஒரு உருளை சுற்றாமல் நிற்கிறது என்று அர்த்தம்.

பிலிம் வெடித்துத் தீப்பிடிக்கும் என்பது உண்மையா, சார்? – நாகர்கோவிலிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

என் காலத்து பிலிம் அப்படி எரியாது. ஓரத்தில் 'சேப்டி' என்றே அச்சிட்டிருக்கும். கேட்டில் சிக்கி நின்றால் விளக்குச் சூட்டில் உருகும், திரையில் பழுப்பாகக் கொப்புளம் கிளம்பிப் பரவும், அவ்வளவுதான். 1950-களின் தொடக்கம்வரை புழங்கிய நைட்ரேட் பிலிம்தான் எமன். அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் பற்றினால் தண்ணீரில் முக்கினாலும் எரியும். ஆபரேட்டர் ரூமுக்குக் கனத்த சுவர், சின்ன ஓட்டை, அதற்கு இரும்புக் கதவு, மணல் வாளி என்று விதி வைத்ததே அந்தப் பயத்தில்தான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. மலையாள சினிமாவின் தந்தை என்று சொல்லப்படுகிற ஜே.சி. டேனியல் நம் அகஸ்தீஸ்வரத்துக்காரர். சொத்தையெல்லாம் போட்டு 'விகதகுமாரன்' என்ற படத்தை எடுத்தார். கடைசிக் காலத்தை அகஸ்தீஸ்வரத்திலேயே கழித்து 1975-இல் இறந்தார். இன்று அவர் பெயரில் கேரள அரசு விருது தருகிறது, படத்தின் பிரிண்ட்தான் இல்லை. அந்த ரீல்களைச் சிறுபிள்ளையாக இருந்தபோது விளையாட்டாகத் தீ வைத்தது நான்தான் என்று அவருடைய மகனே பின்னாளில் சொன்னார். நைட்ரேட் எரிவதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும் என்பார்கள். பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரே பெட்டியை இரண்டு தியேட்டரில் ஓட்டுவார்களாமே? – குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர்

ஓட்டினோம். முதல் தியேட்டரில் காட்சி தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்து இரண்டாவதில் தொடங்கும். இங்கே ஓடி முடிந்த ரீலைச் சுற்றிச் சைக்கிளில் கட்டி ஒரு பையன் அங்கே மிதிப்பான். ஆறு கிலோமீட்டர், நடுவில் ஒரு ஏற்றம். நம் மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ரீல் நனைந்தால் எமல்ஷன் இளகி ஒட்டும், அதனால் பையன் நனைவான், ரீல் மட்டும் பாலிதீன் தாளுக்குள் இருக்கும். ஒரு நாள் பஞ்சர். அங்கே துணிக்கடை ஸ்லைடையும் நகைக்கடை ஸ்லைடையும் மாற்றி மாற்றி இருபது நிமிடம் போட்டார்களாம். "பட்டுக்கு எந்தக் கடை என்று எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது" என்று ஒருவர் வந்து சண்டை போட்டார்.

வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போவது ஏன்? – கருங்கலிலிருந்து ஒரு வாசகர்

ஒலி 20 பிரேம் முன்னால் இருக்கிறது என்றேனே. கேட்டில் பிலிம் நின்று நின்று போக வேண்டும், கீழே ஒலி வாசிக்கிற இடத்தில் ஒரே சீராக ஓட வேண்டும். நடுவில் தளர்வாக விடுகிற பிலிம் வளைவின், அதாவது லூப்பின், அளவு பெரிதானாலோ சிறிதானாலோ உதடும் சொல்லும் பிரிந்துவிடும். முழுக்க மாட்டியவன் தப்பு.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய படத்தின் இரண்டு ரீல் இருக்கிறது. திறந்தால் வினிகர் வாசனை அடிக்கிறது. ஓட்டிப் பார்க்கலாமா? – பூதப்பாண்டியிலிருந்து ஒரு வாசகர்

தயவுசெய்து ஓட்டாதீர்கள். அசிடேட் பிலிம் கெட்டுப்போகும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகும், வினிகரும் அதுதான். சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகமாகும், நம்மூரில் இரண்டும் தாராளம். பிலிம் சுருங்கி, நெளிந்து, ஓட்டைகள் பல்சக்கரத்தோடு பொருந்தாமல் போயிருக்கும். மிஷினில் ஏற்றினால் மிச்சமும் கிழியும். வாசனை வராத வேறு ரீல் இருந்தால் உடனே தனியாக வையுங்கள், அந்த ஆவி பக்கத்து ரீலையும் கெடுக்கும். காற்றுப்புகாமல் அடைத்து வைக்கவும் வேண்டாம். பரணிலிருந்து இறக்கி, வீட்டில் இருப்பதிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத மூலையில் படுக்கவைத்து, புனேயில் 1964 முதல் இயங்கும் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். படத்தின் பெயர், எத்தனையாவது ரீல், கறுப்பு வெள்ளையா கலரா என்று குறிப்பிடுங்கள். கலரென்றால் ரோஸ் நிறமாகியிருக்கும், பயப்பட வேண்டாம், அது அந்தக் காலத்து பிரிண்டின் குணம். கறுப்பு வெள்ளையென்றால் வெள்ளி எடுக்கிறவர்கள் விலை கேட்டு வருவார்கள். நிறையப் படம் அப்படித்தான் போனது. கொடுத்துவிடாதீர்கள்.

சின்ன வயதில் பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி, அப்பாவின் வேட்டியில் பிலிம் காட்டினோம். எப்போதும் தலைகீழாகவே வந்தது. – இரணியலிலிருந்து ஒரு வாசகி

தண்ணீர் பல்பு லென்ஸ். லென்ஸ் படத்தைத் திருப்பிப் போடும். தியேட்டரிலும் பிலிமைத் தலைகீழாகத்தான் மாட்டுவோம். இருபது வருடம் முன்னால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எனக்கு ஒரு காலி பிலிம் டப்பா வேண்டும், நினைவுக்கு வைத்துக்கொள்ள. உங்களிடம் இருக்குமா, அண்ணாச்சி? – ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு வாசகர்

இரண்டு இருக்கிறது, 2,000 அடி டப்பா. ஒன்றில் ஆணியும் ஸ்குருவும். இன்னொன்றில் கருப்பட்டி, அது வீட்டம்மாவின் டிபார்ட்மென்ட். எறும்பு ஏறாத ஒரே டப்பா அதுதான் என்று ஒரே பிடியாக இருக்கிறாள். ஆணி டப்பா வேண்டுமானால் வந்து வாங்கிப் போங்கள், மூடி கொஞ்சம் துருப்பிடித்திருக்கும்.